படம் கடைசியில்: ஓபிஎஸ் மென்பொருளில் நேரலை அமைப்பது எப்படி?

ஓபிஎஸ் ஸ்டூடியோவை முதல்முறை திறந்ததும் திரையின் நடுவில் பெரிய கறுப்புக் கட்டம் ஒன்று தெரியும். அதை எதையாவது போட்டு நிரப்பத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். கேமராவைச் சேர்ப்பார்கள், மூலையில் லோகோ ஒட்டுவார்கள், அடியில் எழுத்தை ஓடவிடுவார்கள். நிகழ்ச்சி நாளில் படம் பளிச்சென்று இருக்கும். பேச்சுதான் எதிரொலியோடு வரும். அல்லது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நடுவில் வட்டம் சுற்றும். இந்த மென்பொருளை அமைக்க வேண்டிய வரிசையே வேறு. முதலில் இணையம், அடுத்து ஒலி, அதன் பிறகே படம். இங்கே அந்த வரிசையிலேயே போவோம்.

உதாரணத்துக்கு ஒரு நூல் வெளியீட்டுக் கூட்டத்தை வைத்துக்கொள்வோம். சிறிய அரங்கம், மேடையில் ஐந்தாறு பேர், பேசுவதற்கு ஒரு மைக், சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸர், ஒரு கேமரா, ஒரு மடிக்கணினி. யூடியூபில் நேரலை. பட்டிமன்றம், அரங்கேற்றம், கிராமத்துக் கோயில் கும்பாபிஷேகம் எதுவானாலும் அமைப்பு பெரிதாக மாறாது.

ஓபிஎஸ் என்பது ஓப்பன் பிராட்காஸ்டர் சாஃப்ட்வேர் என்பதன் சுருக்கம். ஜிம் என்று அறியப்படும் ஹியூ பெய்லி என்ற நிரலாளர் 2012இல் இதைத் தொடங்கினார். அன்று இதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் கணினி விளையாட்டை நேரலையில் காட்டுகிறவர்கள். பிறகு மேக், லினக்ஸ் கணினிகளிலும் ஓடும்படி அடியிலிருந்து மறுபடி எழுதப்பட்டு ஓபிஎஸ் ஸ்டூடியோ ஆனது. திறமூல மென்பொருள், ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. காசு கிடையாது, வாட்டர்மார்க் கிடையாது, இத்தனை மணி நேரம்தான் என்ற வரம்பு கிடையாது. காசு கொடுத்தால் மட்டும் திறக்கும் பூட்டு எதுவும் உள்ளே இல்லை.

இந்த இலவசத்தால் ஒரு தொல்லையும் உண்டு. தேடுபொறியில் பெயரைத் தட்டினால் விளம்பரமாக மேலே வரும் சில இணைப்புகள் போலியாக இருந்திருக்கின்றன. இறக்கினால் கணினிக்குள் கடவுச்சொல் திருடும் நிரல் வந்து உட்காரும். ஓபிஎஸ் பிராஜெக்ட் டாட் காம் என்ற முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போவதுதான் பாதுகாப்பு. பெயர்க் குழப்பமும் இருக்கிறது. ஸ்ட்ரீம்லேப்ஸ் என்ற நிறுவனம் இதே மூலநிரலை எடுத்துத் தன் மென்பொருளைச் செய்து, பெயரிலும் ஓபிஎஸ் என்று சேர்த்துக்கொண்டிருந்தது. 2021 நவம்பரில் இது பொதுவெளியில் சர்ச்சையாகி, அந்த எழுத்துகளைப் பெயரிலிருந்து எடுத்தார்கள். அது வேறு, இது வேறு.

கணினி எப்படி இருக்க வேண்டும்? 2022இல் வந்த 28ஆம் பதிப்போடு 32 பிட் கணினிகளுக்கும் விண்டோஸ் 10க்கு முந்தைய இயங்குதளங்களுக்கும் விடைகொடுத்துவிட்டார்கள். ஐந்தாறு வயதான, 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி ஒற்றைக் கேமரா கூட்டத்துக்குத் தாராளமாகப் போதும். நான்கு கேமரா, ரீப்ளே என்று போகிறவர்கள் விமிக்ஸ் மாதிரி காசு கொடுத்து வாங்கும் மென்பொருளைப் பார்ப்பது தவறில்லை. கல்யாண நேரலைத் தொழிலில் இருப்பவர்கள் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

முதலில் இணையம்

நேரலைக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். இணைய நிறுவனங்கள் விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண் பெரும்பாலும் பதிவிறக்க வேகம். அதனால் ஸ்பீட் டெஸ்டில் இரண்டாவதாக வரும் 'அப்லோடு' எண்ணை மட்டும் பாருங்கள். அதையும் வீட்டில் உட்கார்ந்து பார்த்துப் பயனில்லை. அரங்கத்துக்கே போய், கூட்டம் நடக்கப்போகும் அதே நேரத்தில் பார்க்க வேண்டும். ஞாயிறு காலையில் 4ஜி காட்டும் வேகம் மாலை ஏழு மணிக்கு இருக்காது.

பிட்ரேட் என்பது ஒரு நொடிக்கு எவ்வளவு தரவை அனுப்புகிறோம் என்ற அளவு. 720பி, நொடிக்கு 30 பிரேம் என்றால் 2,500 முதல் 4,000 கேபிபிஎஸ் வரை வைக்கலாம். 1080பி என்றால் 4,500க்கு மேல் போக வேண்டும். சோதனையில் வந்த பதிவேற்ற வேகத்தில் முக்கால் பங்குக்கு மேல் பிட்ரேட்டை ஏற்றாதீர்கள். 4 எம்பிபிஎஸ் வந்தால் 2,500இல் நிறுத்திக்கொள்வதே உத்தமம். மேடையில் ஒருவர் நின்று பேசும் படத்துக்கு 720பி குறைச்சல் இல்லை. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கைபேசியில்தான் பார்க்கப்போகிறார்கள். தடங்கலில்லாத 720பி, திக்கித் திணறும் 1080பியைவிட எத்தனையோ மேல்.

கைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்புகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். 2,500 கேபிபிஎஸ் படமும் 160 கேபிபிஎஸ் ஒலியும் சேர்ந்தால் மணிக்கு ஏறத்தாழ 1.2 ஜிபி. மூன்று மணி நேரக் கூட்டத்துக்கு 3.6 ஜிபி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் பிரீபெய்டு திட்டத்தில் இருந்தால், ஒன்றேகால் மணி நேரத்தில் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸுக்கு இறங்கிவிடும். அது பெரும்பாலும் சிறப்பு விருந்தினர் பேச எழுந்திருக்கும் நேரமாக இருக்கும். நம் ஊர்க் கூட்டங்களில் முதல் ஒரு மணி நேரம் வரவேற்புரைக்கும் பொன்னாடைக்குமே போய்விடுகிறது.

அரங்கத்தில் ஃபைபர் இணைப்பு இருந்தால் வைஃபையில் போகாமல் ரௌட்டரிலிருந்து லேன் கேபிளை இழுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து மீட்டர் கேபிளின் விலை அற்பம். அந்த வைஃபையின் கடவுச்சொல் சுவரில் ஒட்டியிருந்தால் வந்திருக்கும் அத்தனை பேரின் கைபேசியும் உங்கள் பதிவேற்றத்தோடு போட்டிக்கு நிற்கும். அன்று ஒருநாள் கடவுச்சொல்லை மாற்றித் தரும்படி அரங்கத்தாரிடம் கேட்டுவிடுவது நல்லது. மாற்று ஏற்பாடாக வேறொரு நிறுவனத்தின் சிம் உள்ள கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்துத் தயாராக வைத்திருங்கள். கேபிள் வழி ஹாட்ஸ்பாட், வைஃபை ஹாட்ஸ்பாட்டைவிட நிலையாக இருக்கும். கைபேசிக்குச் சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கும்.

யூடியூப் பக்கத்தில் செய்ய வேண்டியவற்றை முந்தின நாளுக்கு முந்தின நாளே முடித்துவிடுங்கள். சேனலில் முதல்முறையாக நேரலை வசதியைக் கேட்டால் தொலைபேசி எண்ணைச் சரிபார்த்த பிறகு அது திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். கூட்டத்தன்று காலையில் இதைக் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம். கைபேசிச் செயலியிலிருந்து நேரடியாக ஒளிபரப்ப 50 சந்தாதாரர்கள் வேண்டும் என்ற விதி ஓபிஎஸ் வழியாக அனுப்புகிறவர்களுக்கு இல்லை. புதிதாகச் சேனல் தொடங்கும் சிறு அமைப்புகளுக்கு இது பெரிய உதவி.

ஓபிஎஸ்ஸில் 'செட்டிங்ஸ்', அதில் 'ஸ்ட்ரீம்' பகுதி. யூடியூபைத் தேர்ந்து கணக்கை அப்படியே இணைக்கலாம், அல்லது ஸ்ட்ரீம் கீ எனப்படும் நீண்ட எழுத்துக்கோவையை யூடியூப் ஸ்டூடியோவிலிருந்து எடுத்து ஒட்டலாம். அந்தக் கோவை யார் கையில் கிடைத்தாலும் அவர் உங்கள் சேனலில் ஒளிபரப்ப முடியும். வாட்ஸ்அப் குழுவில் அனுப்பாதீர்கள், நேரலை ஓடும்போது அந்தச் சாளரத்தைத் திறந்து திரையில் காட்டாதீர்கள். வெளியே போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் யூடியூப் ஸ்டூடியோவிலேயே புதிய கீ வாங்கிக்கொள்ளலாம்.

இந்தத் தரவு யூடியூபுக்குப் போகும் வழிக்கு ஆர்டிஎம்பி என்று பெயர். மேக்ரோமீடியா காலத்தில் ஃபிளாஷுக்காக உருவானது. ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஓய்ந்துவிட்டது. அதற்காகப் பிறந்த ஆர்டிஎம்பி இன்னும் உலகத்து நேரலைகளைச் சுமந்துகொண்டிருக்கிறது.

அடுத்து 'அவுட்புட்'. மேலே 'அட்வான்ஸ்டு' என்று மாற்றிக்கொண்டால் மூன்று விஷயங்கள் கைக்கு வரும். ரேட் கண்ட்ரோல் 'சிபிஆர்' ஆக இருக்க வேண்டும். அதாவது தரவு ஒரே சீராகப் போக வேண்டும். கீஃபிரேம் இடைவெளி 2 நொடி. மூன்றாவது என்கோடர், அதாவது படத்தைச் சுருக்கும் வேலையை யார் செய்வது என்ற தேர்வு. எக்ஸ்264 என்றால் கணினியின் மையச் செயலி செய்யும். என்விடியா அட்டை இருந்தால் என்விஎன்க், இன்டெல் சில்லு இருந்தால் குவிக்சிங்க் என்று தனி வன்பொருளிடம் அந்த வேலையை ஒப்படைக்கலாம். இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், மடிக்கணினி சூடேறாது. எக்ஸ்264தான் கதி என்றால் 'வெரிஃபாஸ்ட்' என்ற அளவில் விட்டுவிடுங்கள். 'ஸ்லோ' பக்கம் போகப்போகப் படம் கொஞ்சம் மேம்படும், செயலியின் சுமை பல மடங்கு ஏறும். பழைய மடிக்கணினி அதற்கு ஈடுகொடுக்காது.

முதல்முறை திறக்கும்போது ஓபிஎஸ் தானாக அமைத்துத் தரும் உதவியாளர் ஒன்று வந்து கேட்கும். ஓடவிடலாம், கெடுதல் இல்லை. அது அளப்பது அந்த நேரத்தில் இருக்கும் இணையத்தை. வீட்டு ஃபைபரில் அளந்து அது வைத்த பிட்ரேட் அரங்கத்துக்குப் பொருந்தாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஒலி

கூட்டத்தைக் கேமராவின் மைக்கில் பதிவு செய்யாதீர்கள். அரங்கத்து ஸ்பீக்கரிலிருந்து கிளம்பிச் சுவரில் மோதித் திரும்பும் ஒலி, மின்விசிறிச் சத்தம், முன்வரிசைக் குழந்தை எல்லாம் அதில் சேர்ந்து வரும். பேச்சாளரின் மைக் நேராக மிக்ஸருக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு கேபிள் உங்களுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் முந்தின நாளே பேசி, "ஆக்ஸ் அவுட்டோ ரெக்கார்டிங் அவுட்டோ ஒண்ணு வேணும்ணே" என்று சொல்லிவையுங்கள். கூட்டம் தொடங்கிய பிறகு போய்க் கேட்டால் அவருக்கும் எரிச்சல், உங்களுக்கும் பதற்றம்.

அந்தக் கேபிளை மடிக்கணினியின் 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகிவிடக் கூடாது. அந்தத் துளை எதிர்பார்ப்பது ஹெட்செட் மைக்கின் மெல்லிய மின்சமிக்ஞையை. மிக்ஸரிலிருந்து வருவது லைன் அளவு. பல மடங்கு வலுவானது. உள்ளே போனதும் பிளந்துபோன குரலாகத்தான் வரும். நடுவில் ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். இரண்டு துளை உள்ள சாதாரணப் பெட்டியே போதும். நேரலைக்காக ஒரே ஒரு பொருள் வாங்கக் காசிருக்கிறது என்றால், புதுக் கேமராவை விட்டுவிட்டு இதை வாங்கச் சொல்வேன்.

ஓபிஎஸ்ஸில் 'செட்டிங்ஸ்', 'ஆடியோ' போய் முதல் மைக்காக அந்த இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். இங்கே சேர்க்கும் மைக் எல்லாக் காட்சிகளிலும் தொடர்ந்து ஒலிக்கும், காட்சி மாற்றும்போது அறுபடாது. மற்ற மைக் எல்லாவற்றையும் 'டிசேபிள்டு' ஆக்குங்கள். வெப்கேமரா சேர்த்தால் அதன் மைக்கும் சேர்ந்து ஓபிஎஸ்ஸின் மிக்ஸர் பகுதியில் வந்து நிற்கும், அதையும் ஊமையாக்குங்கள். ஒரே குரல் இரண்டு வழியில் சற்று முன்னும் பின்னுமாக வருவதுதான் எதிரொலிக்கு முக்கால்வாசிக் காரணம். 'டெஸ்க்டாப் ஆடியோ'வையும் அணைத்துவிடலாம். விட்டுவைத்தால் கணினியில் வரும் வாட்ஸ்அப் மணியெல்லாம் கவிஞரின் ஏற்புரைக்கு நடுவே உலகத்துக்கே கேட்கும். மேடையில் குறும்படம் ஏதாவது உங்கள் கணினியிலிருந்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் மட்டும் அப்போது திறந்துகொள்ளுங்கள்.

ஒலி அளவுமானியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். பேச்சு மஞ்சளில், அதாவது மைனஸ் 20க்கும் மைனஸ் 9க்கும் இடையே ஆடிக்கொண்டிருக்க வேண்டும். சிவப்பின் முனையைத் தொட்டால் ஒலி வெட்டுப்பட்டுவிட்டது. வெட்டுப்பட்டதைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. ஒரு பேச்சாளர் முணுமுணுப்பார், அடுத்தவர் மேடை அதிரப் பேசுவார். இதற்கு ஓபிஎஸ்ஸிலேயே வடிகட்டிகள் இருக்கின்றன. மைக்கின் பெயரில் வலது கிளிக் செய்து 'ஃபில்டர்ஸ்' போனால் கம்ப்ரஸரும் லிமிட்டரும் கிடைக்கும். கம்ப்ரஸர் உரத்த குரலை அடக்கும்; லிமிட்டர் இன்ன அளவுக்கு மேல் போகவே விடாது. மேலிருந்து கீழாக வரிசையாக அவை வேலை செய்யும் என்பதால் லிமிட்டர் கடைசியில் இருக்க வேண்டும்.

'நாய்ஸ் சப்ரஷன்' என்ற வடிகட்டியும் அங்கேயே இருக்கிறது. ஆர்என்நாய்ஸ் முறையில் வைத்தால் விசிறிச் சத்தம் மாயமாக மறைந்துவிடும். பேச்சுக்கு அருமையானது. ஆனால் அது மனிதப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் களையப் பயிற்றுவிக்கப்பட்டது. தம்புராவும் அதற்கு இரைச்சல்தான், மிருதங்கத்தையும் பிய்த்துப்போட்டுவிடும். கச்சேரி, அரங்கேற்றம் என்றால் அதை அணைத்துவிடுங்கள். கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தை இசைத்தட்டில் போடுகிறார்கள் என்றாலும் அது முடியும்வரை அணைத்துவைப்பது நல்லது.

இன்னும் இரண்டு வழக்கமான சிக்கல்கள். மிக்ஸரிலிருந்து ஒற்றைக் கேபிள் வந்தால் குரல் இடது காதில் மட்டும் கேட்கும். 'அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ்' சாளரத்தில் 'மோனோ' கட்டத்தில் ஒரு டிக் போட்டால் தீர்ந்தது. மற்றது 'ம்ம்ம்' என்ற தொடர் இரைச்சல். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது மின்சாரத் தரைவழிச் சிக்கல். மிக்ஸர் செருகியிருக்கும் அதே பிளக் பலகையிலிருந்து உங்கள் மின்சாரத்தையும் எடுத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் ஆடியோ கேபிளின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டியைப் போட வேண்டும்.

மிக்ஸரிலிருந்து மட்டும் ஒலி எடுத்தால் கைதட்டலும் சிரிப்பும் கேட்காது. பேச்சாளர் ஆளில்லாத அறையில் பேசுகிறாரோ என்று தோன்றும். கேமரா மைக்கை மிக மெல்லிய அளவில் கலந்துவிட்டால் அரங்கம் உயிர்பெறும். மேலே அதை ஊமையாக்கச் சொன்னேன். உதட்டசைவைச் சரிசெய்த பிறகு, எதிரொலி தட்டாத அளவுக்கு, பச்சையின் அடியில் மட்டும் ஆடும்படி திறக்கலாம்.

உதட்டசைவு என்பது இது: கேமராவைக் கணினியோடு இணைக்கும் கேப்சர் கார்டு வழியாக வரும் படம் ஒலியைவிடச் சற்றுத் தாமதமாக வந்து சேரும். யாரையாவது மைக் முன்னால் நின்று ஒருமுறை கைதட்டச் சொல்லிப் பதிவுசெய்து பாருங்கள். ஒலி முந்தினால் அதே அட்வான்ஸ்டு சாளரத்தில் 'சிங்க் ஆஃப்செட்' என்ற இடத்தில் மில்லிநொடியில் தாமதம் கொடுக்கலாம். 100இல் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போங்கள், கையும் ஓசையும் ஒன்றாகும் இடம் தெரிந்துவிடும்.

இப்போது அந்தக் கறுப்புக் கட்டம்

ஓபிஎஸ்ஸின் படப்பகுதி இரண்டே சொற்களில் அடங்கும்: சீன், சோர்ஸ். நாடகக் கொட்டகையில் தர்பார் படுதா, காட்டுப் படுதா என்று மாற்றி மாற்றி இறக்குவார்கள் அல்லவா, அந்த மாதிரி ஒவ்வொன்றும் ஒரு சீன். அதன்மேல் நிற்கும் கேமராப் படம், நூல் அட்டை, பெயர்ப்பட்டை ஆகியவை சோர்ஸ்கள். பட்டியலில் மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். லோகோவைக் காணோம் என்றால் அது பெரும்பாலும் கேமராவுக்கு அடியில் கிடக்கும், இழுத்து மேலே போடுங்கள்.

நம் கூட்டத்துக்கு நான்கு சீன் போதும். 'சற்று நேரத்தில் தொடங்கும்' என்ற அட்டை, கேமரா மட்டும், கேமராவோடு நூல் அட்டை, முடிந்தபின் நன்றி அட்டை. மூன்றாவது சீனில் அதே கேமராவைப் புதிதாகச் சேர்க்க முயன்றால் பல நேரம் கறுப்பாகவே இருக்கும். கேமரா ஏற்கெனவே இரண்டாவது சீனில் பயன்பாட்டில் இருக்கிறது. சேர்க்கும்போது முன்பே உள்ளதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். வைத்த இடத்தில் வைத்தபின் பக்கத்திலுள்ள பூட்டை அழுத்திவிட்டால் கைதவறி நகராது.

'வீடியோ' அமைப்பில் பேஸ் கேன்வாஸ் 1920 × 1080, அவுட்புட் 1280 × 720 என்று வைக்கலாம். பிரேம் எண்ணிக்கையில் ஒரு யோசனை: 30க்குப் பதில் 25 வைத்துப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு நூறுமுறை மின்னுகின்றன, கண்ணுக்குத் தெரியாமல். 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்காக அமைக்கப்பட்ட கேமரா அதைப் பிடிக்கும்போது படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். வெப்கேமராவின் அமைப்பில் 'பவர்லைன் ஃப்ரீக்வென்சி' என்ற இடத்தில் 50 என்று மாற்றுங்கள். நல்ல கேமராவானால் ஷட்டர் வேகத்தை 1/50இல் வையுங்கள். பட்டைகள் மறைந்துவிடும்.

கையில் கேமரா இல்லையென்றால் ட்ராய்ட்கேம் போன்ற செயலி மூலம் கைபேசியையே கேமராவாக்கலாம். பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்துங்கள், முக்காலியில் பொருத்துங்கள், அழைப்பு வராதபடி செய்யுங்கள். எச்டிஎம்ஐ கேமரா என்றால் திரையிலுள்ள பேட்டரிச் சின்னம், கட்டம் எதுவும் வெளியே வராதபடி அமைக்க முடிகிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

தமிழில் பெயர்ப்பட்டை போடுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸில் 'டெக்ஸ்ட் ஜிடிஐ பிளஸ்' என்ற சோர்ஸில் நிர்மலா யூஐ போன்ற யூனிகோட் எழுத்துருவைத் தேர்ந்தால் தமிழ் சரியாக வரும். மேக்கிலும் லினக்ஸிலும் கிடைக்கும் 'ஃப்ரீடைப் 2' எழுத்துகளைக் கோத்து அடுக்கத் தெரியாதது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ஒகரங்கள் உடையும், 'கோவை' என்பது பார்க்கச் சகிக்காத ஒன்றாக வரும். பெயரை வேறு மென்பொருளில் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் செய்து, இமேஜ் சோர்ஸாகச் சேர்ப்பதே நிம்மதி. எந்த இயங்குதளத்திலும் நான் அதையே பரிந்துரைப்பேன். பெயரில் பிழையிருந்தாலும் முந்தின நாளே கண்ணில் பட்டுவிடும்.

அடியில் ஓடும் எழுத்து வேண்டாம். அசையும் எதுவும் பிட்ரேட்டைத் தின்னும். 2,500 கேபிபிஎஸ்ஸில் ஓடும் எழுத்துக்கும் பேச்சாளருக்குப் பின்னால் மின்னும் சீரியல் விளக்குக்கும் போனது போக மிச்சம்தான் முகத்துக்கு.

'ஸ்டூடியோ மோட்' என்ற பொத்தானை அழுத்தினால் திரை இரண்டாகும்: இடதில் அடுத்து வரப்போவது, வலதில் இப்போது போய்க்கொண்டிருப்பது. நேரலையில் மாற்றம் செய்ய நினைக்கும் எவரும் இதை அழுத்திவிட்டே தொடங்க வேண்டும்.

பொத்தானை அழுத்துவதற்கு முன்

முந்தின நாள், அதே அரங்கில், யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்று வைத்துக் கால்மணி நேரம் ஒளிபரப்பிப் பாருங்கள். இணைப்பு கையில் உள்ளவர் மட்டுமே பார்க்க முடியும். வெளியூரில் இருக்கும் நண்பரிடம் கொடுத்து, இயர்போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே கேட்டால் அரங்கத்து ஒலி காதில் விழுந்து ஏமாற்றும்.

அந்தச் சோதனையின்போது 'வியூ' பட்டியலில் 'ஸ்டாட்ஸ்' சாளரத்தைத் திறந்து வையுங்கள். பிரேம்கள் மூன்று விதமாக விடுபடும், மூன்றுக்கும் மருந்து வேறு. வலைப்பின்னலால் விடுபட்டவை ஏறினால் இணையம் இழுக்கவில்லை, பிட்ரேட்டைக் குறையுங்கள். என்கோடிங் தாமதம் ஏறினால் சுருக்கும் வேலை கணினிக்குத் தாங்கவில்லை; வன்பொருள் என்கோடருக்கு மாறுங்கள், அல்லது 720பிக்கு இறங்குங்கள். ரெண்டரிங் தாமதம் ஏறினால் கிராஃபிக்ஸ் சில்லு திணறுகிறது. சோர்ஸ்களைக் குறைத்து, பின்னால் திறந்திருக்கும் குரோமை மூடுங்கள். 'படம் விட்டு விட்டு வருகிறது' என்று பார்ப்பவர் சொல்வது மூன்றுக்கும் ஒரே மாதிரிதான். இணையத்தைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள், குற்றவாளி மடிக்கணினியாக இருக்கும்.

அட்வான்ஸ்டு அமைப்பில் நெரிசல் வரும்போது பிட்ரேட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது. கைபேசி இணையத்தில் ஓட்டுகிறவர்கள் அதைப் போட்டுவைக்கலாம். யூடியூபில் தாமத அளவை 'நார்மல்' என்று வையுங்கள். பார்ப்பவரோடு உரையாடப்போவதில்லை என்றால் குறைந்த தாமதத்தால் ஆதாயம் எதுவும் இல்லை. அதில் இணையம் நொடிநேரம் தடுக்கினாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

மின்சாரம் போனால் மடிக்கணினிக்குப் பேட்டரி இருக்கிறது. ரௌட்டருக்கு? ஃபைபர் பெட்டிக்கு? ஜெனரேட்டர் எடுப்பதற்குள் ஆகும் அந்த ஒரு நிமிடத்தில் ரௌட்டர் அணைந்து, மறுபடி உயிர்பெற இன்னும் சில நிமிடம். ரௌட்டருக்கென்றே சிறிய யூபிஎஸ் விற்கிறார்கள், அது பையில் இருக்கட்டும்.

நேரலையோடு கூடவே கணினியிலும் பதிவு செய்யுங்கள். இணையம் செத்தாலும் கூட்டம் மிஞ்சும். பதிவு வடிவம் எம்கேவி ஆக இருக்கட்டும். சாதாரண எம்பி4 கோப்பு ஒழுங்காக மூடப்படாவிட்டால் முழுவதுமே திறக்காமல் போகும். எம்கேவியில் அதுவரை பதிவானது தப்பிவிடும். பிறகு ஓபிஎஸ்ஸின் 'ரீமக்ஸ்' மூலம் நொடிகளில் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். புதிய பதிப்புகளில் 'ஹைபிரிட் எம்பி4' என்ற வடிவமும் வந்திருக்கிறது, அதுவும் இப்படித் தப்பிப் பிழைக்கக்கூடியது.

விருந்தினருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் சவுண்ட் சர்வீஸ்காரர் சினிமாப் பாட்டுப் போடுவார். யூடியூபின் கான்டென்ட் ஐடி நேரலையையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. எச்சரிக்கை வரலாம், படத்தை மறைத்து வெற்றுப்படம் போடலாம், நேரலையே நிறுத்தப்படலாம். அந்த நேரத்தில் மிக்ஸர் ஒலியை ஊமையாக்கி, 'சற்று நேரத்தில்' அட்டையை மட்டும் காட்டுங்கள். ஆனால் ஊமையாக்கியதைத் திறக்க மறந்து வரவேற்புரை முழுக்க மௌனப்படமாகப் போன நேரலைகளும் உண்டு. மானியில் மஞ்சள் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுக் காட்சியை மாற்றுங்கள்.

கூட்டம் முடிந்ததும் நன்றி அட்டையை அரை நிமிடம் விட்டுவிட்டு 'ஸ்டாப் ஸ்ட்ரீமிங்' அழுத்துங்கள். யூடியூபில் தானாக முடியும் வசதியை அணைத்து வைத்திருந்தால் அங்கே நேரலை இன்னும் திறந்தேதான் இருக்கும்; யூடியூப் ஸ்டூடியோவுக்குப் போய் அங்கும் முடிக்க வேண்டும். 12 மணி நேரத்துக்குள் முடிந்த நேரலை சேனலில் காணொளியாகத் தங்கிவிடும். தொடக்கத்தில் காலி நாற்காலிகள் தெரியும் இருபது நிமிடத்தை அங்குள்ள எடிட்டரிலேயே வெட்டிவிடலாம். கணினியில் உள்ள எம்கேவி கோப்பை அதுவரை அழிக்க வேண்டாம்.